மாங்கேணிக் கரையில் உறங்கும் மின்கலங்கள்

மட்டக்களப்பிலிருந்து திருகோணமலை வீதி வழியே வடக்கு நோக்கிச் செல்வோர், வாழைச்சேனையையும் ஓட்டமாவடிப் பாலத்தையும் கடந்த பின்னர், 'கேணி' என முடியும் மூன்று ஊர்களை அடுத்தடுத்துக் காண்பர். காயாங்கேணி, மாங்கேணி, பனிச்சங்கேணி என்பன அவை. மரத்தின் பெயரும் நீர்நிலையின் பெயரும் இணைந்த இப்பெயர்களைச் சொல்லும்போதே நிழலும் குளிர்ச்சியும் மனத்தில் தோன்றுகின்றன. கிழக்கே கடல், மேற்கே உப்பாற்று வாவியும் பற்றைக் காடும், அவற்றுக்கு அப்பால் வயல்களும். நடுவே வெண்மணற் பரப்பில் நிற்பது மாங்கேணி.

பனிச்சை மரத்தைப் பற்றி ஒரு சொல். அதன் காயிலிருந்து எடுக்கும் துவர்ச்சாற்றில் பருத்தி வலைகளைத் தோய்த்து உலர்த்துவது பண்டை வழக்கம். உப்புநீர் நூலை அரிக்காதபடி அச்சாறு காத்தது. நைலோன் வலை வந்த பின்னர் அந்த வேலை மறைந்துவிட்டது. கருவியைப் பயன்படுத்துவது போலவே அதைப் பேணி வைப்பதும் தொழிலின் ஒரு பகுதி என்பதை அக்காலத்தவர் அறிந்திருந்தனர். இன்று பேண வேண்டிய பொருள் வலை மட்டுமன்று. மக்கள் 'பற்றரி' என வழங்கும் மின்கலமும் அவற்றுள் ஒன்று.

கீழ்க்கரையின் ஆண்டு இரு பாதிகளாகப் பிரிகிறது. கச்சான் வீசும் மாதங்களில் கடல் இடங்கொடுக்கும். ஐப்பசி பிற்பகுதியில் வாடைக்காற்று எழுந்ததும் கடல் கொந்தளிக்கிறது. சிறு வள்ளங்கள் மணல்மேட்டில் ஏற்றப்படுகின்றன. அதே நாட்களில் உட்புறத்து வயல்களில் பெரும்போக உழவும் விதைப்பும் முடிந்துவிடுவதால், உழவு இயந்திரமும் அதன் பின்னே பூட்டும் பெட்டியும் அறுவடை வரும்வரை கொட்டிலில் ஓய்கின்றன. கடலின் இயந்திரமும் வயலின் இயந்திரமும் ஏறத்தாழ ஒரே காலத்தில் துயில் கொள்வது இக்கரையின் தனித்தன்மை எனலாம். தை பிறந்து அறுவடை தொடங்கும் காலையில் சாவியைத் திருப்பினால், 'டக்' என்ற ஓரொலி மட்டும் கேட்கும். பற்றரி இறங்கிவிட்டது!

சென்ற ஆண்டு அவ்வூருக்குச் சென்றிருந்தபோது, வள்ளத்தின் இரவு விளக்குக்குரிய பற்றரியைச் சாக்கில் சுற்றிக்கொண்டிருந்த முதியவர் ஒருவரிடம் இதுபற்றிக் கேட்டேன். "ஓடுற மட்டும் பத்தரி சாகாது சேர். சும்மா இருந்தாத்தான் சாகும்" என்றார் அவர். இரசாயனப் பாடத்தை ஒரு மணி நேரம் நடத்தினாலும் இதனினும் தெளிவாகச் சொல்ல இயலாது.

பிரான்சு நாட்டு அறிஞர் காஸ்தோன் பிளாந்தே 1859இல் ஆக்கிய ஈய அமிலக் கலமே இன்றும் நம் வண்டிகளில் பெரும்பாலும் இருப்பது. ஈயத் தகடுகளும் சல்பூரிக் அமிலமும் ஒன்றோடொன்று தாக்கி மின்னைத் தருகின்றன. யாதொரு விளக்கும் எரியாதபோதுங்கூட உள்ளே அத்தாக்கம் மெல்ல நடந்துகொண்டேயிருக்கும். நல்ல நிலையிலுள்ள பற்றரியே மாதமொன்றுக்கு நூற்றுக்கு ஐந்து பங்கு அளவில் தன் மின்னை இழக்கலாம். வெப்பம் பத்துப் பாகை ஏறினால் இவ்விழப்பு ஏறத்தாழ இரட்டிக்கும். மின் குறைந்த நிலையில் வாரக்கணக்கில் கிடந்தால், தகடுகளில் படியும் ஈய சல்பேற்று கடினமான பளிங்காக இறுகிவிடும். அதன் பின்னர் எவ்வளவு மின்னேற்றினாலும் பழைய வலு திரும்பாது. முதியவர் 'சாகும்' என்றது இதனையே.

தானே இறங்குவது போதாதென்று வண்டியும் சிறிது சிறிதாக உறிஞ்சுகிறது. கடிகாரம், வானொலி, திருட்டைத் தடுக்கும் கருவி முதலியன உறங்குவதில்லை. அவை யாவும் சேர்ந்து ஓர் அம்பியரின் இருபதில் ஒரு பங்கை மாத்திரம் எடுப்பதாகக் கொள்வோம். மாணவர்கள் கணக்கிட்டுப் பார்க்கலாம்: ஒரு நாளைக்கு 1.2 அம்பியர்-மணி; 25 நாளில் 30. அறுபது அம்பியர்-மணிப் பற்றரியின் பாதி ஒரு மாதம் முடியுமுன்னரே தீர்ந்துவிட்டது. கனடாவில் வாழும் நம்மவர் சிலர் கோடையில் சுற்றுலாவுக்கு இழுத்துச் செல்லும் சக்கர வீடுகளுக்கும் பனிக்காலத்தில் இதே கதிதான். அங்கே இன்னுமோர் இடருண்டு: மின்னிறங்கிய கலத்தின் அமிலம் ஏறக்குறைய வெறும் நீராகிவிடுவதால், கடுங்குளிரில் அது உறைந்து கூட்டைப் பிளந்துவிடும். நமக்குப் பனியின் பகை இல்லை. வெப்பமும் உப்பும் உண்டு.

ஆகவே செய்யத்தக்கது யாது? நவராத்திரி முடிவில் ஆயுத பூசைக்காகக் கருவிகளைக் கழுவிச் சந்தனம் வைப்பது நம் இல்லங்களில் வழக்கமாயிற்றே. மாரிக்குச் சற்று முன்னே வரும் அந்நாளைவிடப் பொருத்தமான நாள் வேறில்லை. முதலில் பற்றரியை முழுதாக மின்னேற்ற வேண்டும். கொள்ளளவின் பத்தில் ஒரு பங்கு அம்பியர் போதும், அவசரம் கூடாது. அவ்வேளை வெளிப்படும் ஐதரசன் வாயு தீப்பற்றக்கூடியதாகையால் குப்பி விளக்கோ சுருட்டோ அருகில் வரலாகாது. பின்னர் இணைப்பைக் கழற்றுக. எதிர்முனைக் கம்பியை முதலிற் கழற்றி, மீளப் பூட்டும்போது அதனையே இறுதியில் பூட்டுவது முறை; சாவிக்கோல் வண்டியின் உடலிற் பட்டுத் தீப்பொறி பறப்பதை இவ்வொழுங்கு தடுக்கும்.

மேல்மூடியில் படிந்த உப்பும் ஈரமும் இரு முனைகளுக்கும் இடையே கண்ணுக்குத் தெரியாத பாலம் அமைத்து மின்னைக் கசியவிடும். அப்பச்சோடா கரைத்த நீரால் துடைத்து, அந்நீர் கலத்தினுள் இறங்காதபடி பார்த்து, நன்கு உலர்த்தி, முனைகளில் சிறிது கிறீஸ் பூசிவிட வேண்டும். கடலோரக் கிணற்று நீரைப் பற்றரியினுள் ஊற்றுவதோ பெருங்கேடு. நாவுக்கு நல்ல நீராகத் தோன்றினும் அதிலுள்ள குளோரைட்டு தகடுகளை அரிக்கும். கடையில் விற்கும் காய்ச்சி வடித்த நீரே தகும்.

இவ்வளவு செய்தும் மூன்று மாதம் மறந்துவிடலாகாது. மாதமொருமுறை வோல்ற்றுமானியை வைத்துப் பார்த்தால் உண்மை விளங்கும். ஓய்வு நிலையில் 12.6 காட்டினால் நிறைந்துள்ளது; 12.4க்குக் கீழே போனால் மீண்டும் மின்னேற்ற வேண்டும், 12.2 என்பது பாதிக்கிட்ட தீர்ந்த நிலை. கூரைமேல் வைக்கும் பத்து வாற்றுச் சூரியத் தகடு நல்ல வெயிலில் அரை அம்பியருக்குச் சற்று மேல் தரும். கார்த்திகை மழையில் அதில் சிறு பங்கே கிடைப்பினும், இழப்பை ஈடுசெய்ய அதுவே உதவும். இடையே கட்டுப்படுத்தும் கருவி ஒன்று இருத்தல் வேண்டும்.

பற்றரியைச் சீமெந்துத் தரையில் வைத்தால் இறங்கிவிடும் என்ற நம்பிக்கை நம்மிடம் வேரூன்றியுள்ளது. மரத்தாலும் இறப்பராலும் கூடு செய்த நாட்களில் அதற்குக் காரணம் இருந்தது. இன்றைய பிளாஸ்டிக் கூட்டுக்கு அது பொருந்தாது. எனினும் மாங்கேணியார் அதைப் பலகையின்மேல் உயர்த்தி வைப்பதை நான் குறை கூறேன். 2011 சனவரி வெள்ளத்தை நினைவில் வைத்திருப்போர்க்குத் தரையில் எதையும் வைக்க மனம் வராது.

போர்க்காலத்தில் அரசின் கட்டுப்பாட்டுக்கு அப்பாலிருந்த பகுதிகளுக்கு மின்கலங்களைக் கொண்டு செல்லத் தடைகள் இருந்தன. யாழ்ப்பாணத்தில் சைக்கிள் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்டார்கள். 2007 சனவரியில் வாகரைப் பகுதியைப் படையினர் கைப்பற்றுமுன் இக்கரையோரத்து மக்கள் இடம்பெயர்ந்தபோது எதனைத் தூக்குவது, எதனை விடுவது என்று தவித்தவர்களின் வீடுகளில், பற்றரி என்பது வெறும் வண்டி உறுப்பன்று. இன்றும் ஒன்று பழுதானால் புதியது வாங்கச் சிறு தொழிலாளி பல நாளுழைப்பை ஈடாக வைக்க வேண்டியிருக்கிறது. அதுவும் வருமானமற்ற மாரியின் முடிவில்.

உயிர்போன பற்றரியை என் செய்வது? வலைக்கு ஈயமணி வார்ப்பதற்காக அதனை உடைத்து, முற்றத்து அடுப்பில் உருக்கும் பழக்கம் உலகின் பல மீனவ ஊர்களில் உண்டு. அப்புகையும் மண்ணில் விழும் தூளும் சிறு பிள்ளைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுப்பன. அமிலமோ மணலூடே இறங்கிக் கிணற்றைச் சேரும். புதியது வாங்கும் கடையிலேயே பழையதைக் கொடுத்தால் விலையிற் சிறிது கழித்துக்கொள்வார்கள். உடைக்காமல், கவிழ்க்காமல் கொண்டுபோய்க் கொடுத்துவிடலாம்.