தோள்பை கேமராவும் சட்டைப்பை கேமராவும்

பழைய டி.எஸ்.எல்.ஆர். நல்லதா, பாக்கெட்டில் போட்டுக்கொள்ளும் சின்னக் கேமரா நல்லதா? கேமரா வாங்க நினைக்கும் எல்லோரும் ஒரு தடவையாவது கேட்டிருக்கும் கேள்வி இது. இரண்டையும் மேஜை மேல் வைத்து, எதிரே இருக்கும் செங்கல் சுவரைப் படம் பிடித்துப் பார்த்துச் சொல்லப்படும் பதில்கள் ஏராளம். ஆனால் பாருங்கள், சுவர் அசையாது. வெட்கப்படாது. "அதை அந்தாண்ட வை" என்று சொல்லாது. மனிதர்கள் இதையெல்லாம் செய்வார்கள். அதனால் இரண்டு கேமராக்களும் ஒரே நாளில், ஒரே இடத்தில், ஒரே மனிதர்களைப் படம் பிடித்த கதை ஒன்று.

2018-இல் ஒரு வீட்டில் தாத்தாவுக்கு எண்பது வயது நிறைந்தது. சதாபிஷேகத்தைத் திருக்கடையூரில் செய்வது என்று முடிவாயிற்று. தரங்கம்பாடிக்குப் பக்கத்தில் இருக்கும் ஊர். மார்க்கண்டேயனுக்காகச் சிவபெருமான் காலனை உதைத்த தலம் என்பதால் அறுபது, எழுபது, எண்பது நிறைந்தவர்கள் ஜோடியாக வந்து மறுபடியும் மாலை மாற்றித் தாலி கட்டிக்கொள்ளும் கோயில் அது.

இதில் பாட்டிக்கு ஒரு தனி ஆசை இருந்தது. 1964-இல் நடந்த அவர்கள் கல்யாணத்துக்குப் போட்டோ கிடையாது. அன்று நல்ல மழை. டவுனில் இருந்து வரவேண்டிய போட்டோக்காரர் வந்து சேரவில்லை. ஐம்பத்து நாலு வருஷமாக, அடுத்த வீட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கும் கல்யாணப் போட்டோவைப் பார்க்கும்போதெல்லாம் பாட்டி அந்த மழையைத் திட்டிக்கொண்டிருந்தார். "இந்தத் தடவையாவது ஒழுங்கா ஒண்ணு எடுங்கடா" என்பதுதான் அவர் கேட்டது.

வெளியாள் வேண்டாம், நாங்களே எடுக்கிறோம் என்று பேரனும் பேத்தியும் பொறுப்பு ஏற்றுக்கொண்டார்கள். அண்ணனிடம் இருந்தது பழைய நிக்கான் டி70, கைமாறி வந்தது. தங்கையிடம் இருந்தது சோனி ஆர்எக்ஸ்100.

முதலில் இரண்டு கேமராக்களின் ஜாதகம்.

டி70 வந்த வருஷம் 2004. 61 லட்சம் பிக்ஸல். பாடி மட்டும் ஏறக்குறைய 600 கிராம். அதோடு விற்ற 18-70 லென்ஸையும் பேட்டரியையும் சேர்த்தால் ஒரு கிலோவைத் தாண்டிவிடும். பின்னால் இருக்கும் திரை 1.8 அங்குலம்தான், தீப்பெட்டி அளவு. வீடியோ கிடையாது. திரையில் பார்த்து எடுக்கவும் முடியாது. கண்ணாடித் துளையில் கண்ணை வைத்துத்தான் ஆக வேண்டும்.

ஆர்எக்ஸ்100 வந்தது 2012-இல். இரண்டு கோடிப் பிக்ஸல். பேட்டரி, கார்டு எல்லாம் சேர்த்து 240 கிராம். பத்து சென்டிமீட்டர் நீளம், ஆறு சென்டிமீட்டருக்குக் குறைவான உயரம். மூன்று அங்குலத் திரை. கண் வைத்துப் பார்க்கும் துளை கிடையாது. சட்டைப் பையில் கொஞ்சம் துருத்திக்கொண்டு நிற்கும், ஆனால் நிற்கும்.

பிக்ஸல் கணக்கில் மூன்று மடங்குக்கு மேல் வித்தியாசம். ஆனால் டி70-இன் படம் 3008-க்கு 2000 புள்ளிகள். கல்யாண ஆல்பத்தில் வழக்கமாகப் போடும் 12-க்கு 8 அங்குல பிரிண்ட்டில் அங்குலத்துக்கு 250 புள்ளிகள் வருகின்றன. கூடத்தில் மாட்டுவதற்கு அது தாராளம். ஆகவே பிக்ஸலை ஓரமாக வைத்துவிடலாம்.

அடுத்தது வெளிச்சம். கோயில் பிராகாரம் என்றால் பகலிலும் இருட்டு. அதோடு ஹோமப் புகை. "பெரிய கேமரா என்றால் உள்ளே இருக்கும் சென்சாரும் பெரிது, அதனால் அதிக வெளிச்சம் பிடிக்கும்" என்று பொதுவாகச் சொல்வார்கள். பாதி உண்மை. டி70-இன் சென்சார் 23.7-க்கு 15.6 மில்லிமீட்டர், அதாவது சுமார் 370 சதுர மில்லிமீட்டர். ஆர்எக்ஸ்100-இல் 13.2-க்கு 8.8, சுமார் 116. மூன்று மடங்கு வித்தியாசம் இருப்பது நிஜம்.

ஆனால் வெளிச்சம் லென்ஸ் வழியாகத்தானே உள்ளே வர வேண்டும்? டி70-இன் 18-70 லென்ஸ், பெரிய பரப்பைக் காட்டும் முனையில் எஃப் 3.5 வரைதான் திறக்கும். ஆர்எக்ஸ்100-இன் லென்ஸ் அதே முனையில் எஃப் 1.8 வரை திறக்கும். இந்த எண்ணைப் பொறுத்தவரை சின்ன எண் என்றால் பெரிய வாசல். கணக்குப் போட்டால் ஒவ்வொரு சதுர மில்லிமீட்டருக்கும் சின்னக் கேமராவில் 3.8 மடங்கு வெளிச்சம் விழுகிறது. சிறிய வயல், ஆனால் பெரிய மதகு. மொத்தத்தில் இரண்டும் ஏறக்குறைய சமம். சின்னதுக்குத் துளி அதிகம். அதோடு எட்டு வருஷம் புதிய சென்சார் வேறு.

ஜூம் செய்து தூரத்து முகத்தை இழுத்தால் கதை தலைகீழ். சின்னக் கேமராவின் வாசல் எஃப் 4.9-க்குச் சுருங்கிவிடுகிறது. டி70-இன் லென்ஸ் 4.5-இல் நிற்கிறது. இப்போது பெரிய சென்சாரின் பலம் முழுதாக வேலை செய்து, ஏறக்குறைய நாலு மடங்கு வெளிச்சம் டி70-க்குக் கிடைக்கிறது. அது மட்டுமில்லை, பழைய கேமராவில் லென்ஸைக் கழற்றி மாற்றலாம். அண்ணனிடம் 50 மில்லிமீட்டர், எஃப் 1.8 லென்ஸ் ஒன்று இருந்தது. ஜூம் இல்லை, விலை குறைவு. அதை மாட்டிவிட்டால் அதே அளவு நெருக்கத்தில் சின்னக் கேமராவை விடப் பத்து மடங்குக்கு மேல் வெளிச்சம்.

ஆக, கூட்டத்தை எடுக்கச் சின்னது, முகத்தை எடுக்கப் பெரியது. காகிதத்தில் கணக்கு இவ்வளவு தெளிவாக இருந்தது.

ஒரு வாரம் முன்பு வீட்டில் ஒத்திகை பார்த்தார்கள். பாட்டி திண்ணையில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். அண்ணன் டி70-ஐத் தூக்கினான். அவ்வளவுதான், பாட்டி கீரையைத் தள்ளி வைத்துவிட்டுப் புடவையை இழுத்துச் சொருகி, இரண்டு கைகளையும் முழங்காலில் வைத்து, உதட்டை இறுக மூடி, நேராகப் பார்த்தார். ரேஷன் கார்டு போட்டோ மாதிரி. "சும்மா இருங்க பாட்டி, நீங்க கீரைய பாருங்க" என்று எவ்வளவு சொல்லியும் கேட்கவில்லை. "போட்டோ எடுக்கறப்ப யாராவது கீரைய பார்ப்பாங்களா?"

கொஞ்ச நேரம் கழித்து, தங்கை பக்கத்தில் உட்கார்ந்து பேசிக்கொண்டே நாலைந்து படங்கள் எடுத்தாள். பாட்டி கண்டுகொள்ளவே இல்லை. கடைசியில் கேட்டார்: "என்ன பாப்பா, அது போனா?"

"பார்த்தியா அண்ணா? உன் கேமராவைப் பார்த்தா பாட்டி பயப்படறாங்க" என்றாள் தங்கை. அண்ணனுக்குப் பதில் இல்லை. எந்தப் பட்டியலிலும் எழுதாத வித்தியாசம் இது. ஒரு கிலோ எடையைத் தோளில் சுமப்பவனுக்கு வலி. எதிரே இருப்பவருக்கு அது ஒரு அறிவிப்பு.

அன்று காலை. பிராகாரத்தில் ஒரே நேரத்தில் பல குடும்பங்கள். எங்கே பார்த்தாலும் ஹோமகுண்டம், மாலை, புகை. பெரிய கேமராவில் 50 லென்ஸை மாட்டிக்கொண்டு அண்ணன் எதிரே உட்கார்ந்தான். தங்கை பக்கவாட்டில் நின்றாள்.

கலச அபிஷேகத்தின்போதே சின்னக் கேமராவின் பலவீனம் தெரிந்துவிட்டது. சொம்பில் இருந்து தண்ணீர் தலையில் விழும் அந்த ஒரு நொடிதான் படம். டி.எஸ்.எல்.ஆர். ஃபோகஸ் செய்யும் முறை வேறு. லென்ஸின் இரு பக்கங்களில் இருந்து வரும் ஒளியை ஒப்பிட்டு, எந்தப் பக்கம், எவ்வளவு தூரம் நகர வேண்டும் என்று முன்கூட்டியே கண்டுபிடித்துவிடும். ஆர்எக்ஸ்100 அப்படி இல்லை. லென்ஸை நகர்த்திப் பார்த்து, படம் தெளிவாகிறதா என்று சோதித்து, தாண்டிப் போய்விட்டால் திரும்பி வரும். நல்ல வெளிச்சத்தில் இது தெரியவே தெரியாது. இருட்டும் புகையும் சேர்ந்தால் தடுமாறும். தங்கையின் படங்களில் தண்ணீர் விழுவதற்கு முன்னால் ஒன்று, விழுந்து முடிந்த பின் ஒன்று. நடுவில் ஒன்றுமில்லை. அண்ணனின் படத்தில் தண்ணீர் தாத்தாவின் நெற்றியில் கண்ணாடித் துண்டு போல நின்றது.

பிறகு புதுத் துணி, மாலை மாற்றல், தாலி.

நாதஸ்வரமும் தவிலும் ஓங்கின. தாத்தாவின் கை கொஞ்சம் நடுங்கியது. முடிச்சுப் போட நேரம் ஆயிற்று. டி70-இன் கண்ணாடி 'டப் டப்' என்று எழும்பி விழும் சத்தம் அந்த மேளத்தில் யாருக்கும் கேட்கவில்லை. ஆனால் பாட்டிக்குக் கேமரா எங்கே இருக்கிறது என்று தெரியும். முடிச்சு விழும் அந்த நொடியில் தலையை நிமிர்த்தி, உதட்டை மூடி, நேராக லென்ஸைப் பார்த்தார்.

தங்கையின் கேமரா அப்போதும் ஃபோகஸ் தேடிக்கொண்டிருந்தது. அது 'பீப்' என்று சொன்னபோது தாலி கட்டி முடிந்து, அட்சதையும் போட்டு முடிந்திருந்தது. அந்தப் படத்தில் பாட்டி தாத்தாவின் பக்கம் திரும்பி, அவர் தலையில் விழுந்திருந்த அரிசியை ஒவ்வொன்றாகத் தட்டிவிட்டுக்கொண்டிருக்கிறார். தாத்தா தலையைக் குனிந்து காட்டுகிறார், பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பும் பையன் மாதிரி. பின்னால் நிற்பவர்கள் யாரும் இவர்களைப் பார்க்கவில்லை. படத்தில் கொஞ்சம் அசைவு இருக்கிறது. பாட்டியின் விரல்கள் தெளிவாக இல்லை.

ஊர் திரும்பியதும் இரண்டு படங்களையும் கம்ப்யூட்டரில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். அண்ணனே சொல்லிவிட்டான்: "உன்னோடதுதான் படம். என்னோடதுல பாட்டி விறைப்பா இருக்காங்க." அப்பாவும் அதையே சொன்னார். அத்தைக்குக் கண் கலங்கிவிட்டது. தங்கையின் படத்தைப் பெரிதாகப் போட்டுச் சட்டம் போடுவது என்று வீடே முடிவு செய்தது.

பாட்டியிடம் காட்டினார்கள். கண்ணாடியை மாட்டிக்கொண்டு இரண்டையும் ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு அண்ணனின் படத்தின் மேல் விரலை வைத்தார்.

"இதை மாட்டு."

"பாட்டி, அதுல நீங்க சிரிக்கவே இல்லையே."

"கல்யாணப் போட்டோல யாருடா சிரிச்சாங்க? நேரா பார்க்கணும். அடுத்த வீட்டுல மாட்டியிருக்காங்களே, அவ சிரிக்கிறாளா?"

அப்போதுதான் அண்ணனுக்கும் தங்கைக்கும் விளங்கியது. பாட்டி இத்தனை வருஷமாகக் கேட்டுக்கொண்டிருந்தது இயல்பான படத்தை அல்ல. 1964-இல் கிடைக்காமல் போன அந்தப் படத்தை. பெரிய கேமராவுக்கு முன்னால், ஒரு ஆள் மெனக்கெட்டு நின்று எடுக்க, நேராக நிமிர்ந்து பார்த்துக்கொண்டு தாலி வாங்கிக்கொள்ளும் படத்தை. திண்ணையில் டி70-ஐப் பார்த்ததும் அவர் கீரையைத் தள்ளி வைத்தது பயத்தால் அல்ல, மரியாதையால்.

12-க்கு 8 அளவில் போட்டுச் சட்டம் போட்டுக் கூடத்தில் மாட்டினார்கள். 61 லட்சம் பிக்ஸல் போதவில்லை என்று இதுவரை எவரும் சொன்னதில்லை.

தாத்தா அன்று எதுவும் பேசவில்லை. இரண்டு நாள் கழித்துப் பேத்தியைத் தனியாகக் கூப்பிட்டு, "அந்த அரிசி தட்டற படத்தை சின்னதா ஒண்ணு போட்டுக் குடும்மா" என்றார். எவ்வளவு சின்னதாக என்று கேட்டதற்குச் சட்டைப் பையைத் தொட்டுக் காட்டினார்.

இனி, முதலில் கேட்ட கேள்வி. இன்று பழைய டி.எஸ்.எல்.ஆர். வாங்க நினைப்பவர்கள் கவனிக்க வேண்டியவை சில உண்டு. டி70 போன்றவற்றுக்குப் பழைய காம்பாக்ட் ஃப்ளாஷ் கார்டும், அதைப் படிக்கும் ரீடரும் வேண்டும், பேட்டரி பழையதென்றால் புதிது தேட வேண்டியிருக்கும், ஐ.எஸ்.ஓ. 1600-க்கு மேல் போக முடியாது, அதிலேயே படம் புள்ளி புள்ளியாக வரும். கூட வரும் லென்ஸோடு நிறுத்திக்கொள்வதானால் இருட்டில் சின்னக் கேமராவே போதும். 50 மில்லிமீட்டர் லென்ஸ் ஒன்று சேர்ந்தால்தான் பெரியதைச் சுமப்பதற்கு அர்த்தம். சின்னக் கேமராவில், இருட்டில் எவ்வளவு சீக்கிரம் ஃபோகஸ் ஆகிறது என்பதைக் கடையிலேயே விளக்கு குறைவான மூலையில் சோதித்துப் பார்ப்பது நல்லது.

இதெல்லாம் கேமராவைப் பற்றிய விஷயங்கள். எந்தக் கேமராவை எடுப்பது என்பதற்கு முன்னால் இன்னொரு கேள்வி இருக்கிறது: எதிரே உட்கார்ந்திருப்பவர் தம்மைப் படம் எடுப்பது தெரிய வேண்டும் என்று விரும்புகிறாரா, தெரிய வேண்டாம் என்று விரும்புகிறாரா? அந்த வீட்டில் பாட்டியின் பதில் கூடத்துச் சுவரில் இருக்கிறது. தாத்தாவின் பதில் அவர் சட்டைப் பையில் இருந்தது.