திரையா, கார்டா?

அக்கா மகனுக்கு கேமிங் லேப்டாப் வேணுமாம், அதுவும் பெரிய திரையில. கையில இருக்கிறது 80,000 ரூபாய். பெரியதாழையில பல வீட்டுப் பிள்ளைகளும் இதையே கேட்கிறதால இங்கேயே எழுதிடுறேன்.

முதல்ல கிராபிக்ஸ் கார்டோட வாட்டைப் பாருங்க, அது கூட இருந்தாதான் வேகம். ஆர்டிஎக்ஸ் 4050ங்கிற ஒரே பேர்ல 35 வாட்டிலயும் வரும், 115 வாட்டிலயும் வரும். விளம்பரத்துல பேர் மட்டும்தான் பெரிசா இருக்கும். வாட் எங்கேயோ பொடி எழுத்துல கிடக்கும்.

அடுத்தது திரை. 17 அங்குலம்னு மயங்கிடாதீங்க. நிற அளவு 45 சதவீதம் என்டிஎஸ்சின்னு போட்டிருந்தா நிறமெல்லாம் வெளுத்துத்தான் தெரியும். 16 அங்குலத்துல 100 சதவீதம் எஸ்ஆர்ஜிபி கிடைச்சா அதை எடுங்க. ரேம் குறைஞ்சாலும் காலி ஸ்லாட் இருந்தா பிறகு போட்டுக்கலாம்.

கடலோரத்துல இருக்கிற நம்ம ஊருக்குன்னு ஒண்ணு உண்டு: உப்புக்காத்து. ஃபேன் அதை உள்ளே இழுத்தா போர்டு அரிக்கும். சன்னலோரம் வைக்காதீங்க. கூடுதல் வாரண்டிக்கும் கொஞ்சம் காசு ஒதுக்குங்க.

மக்கா, திரை சின்னதாப் போனா வீட்டு டிவியில எச்டிஎம்ஐ வயரைச் சொருகி விளையாடலாம். கார்டை மாத்த முடியாது. காசைக் கார்டுல போடு.