தேத்தண்ணியும் ஒரு பதில்

யாழ்ப்பாணத்துச் சுன்னாகத்தில் கிணறுகளில் எண்ணெய் மிதக்கிறது என்று சனம் சொல்லத் தொடங்கிய பிறகு, நிபுணர்களே ஒத்துப்போகாத காலம் ஒன்று இருந்தது. அடியில் சுண்ணக்கல், ஓரிடத்தில் இறங்கியது இன்னோரிடத்தில் எழும்பும். நிலத்தடி நீரை மாசாக்கியதற்கு மின் நிறுவனம் ஒன்று 2 கோடி ரூபாய் நட்டஈடு கட்ட வேண்டும் என்று உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது 2019 ஏப்ரலில்தான்.

அப்படியான ஊரில் சுகாதார ஆய்வுக்கென்று ஒரு வீட்டுக்குப் போகிறீர்கள். தேத்தண்ணி வருகிறது. குடித்தால், தண்ணியில் பிழையில்லை என்று படித்தவர் சொன்னதாகிவிடும். குடிக்காமல் எழும்பினாலோ, யாழ்ப்பாணத்தில் அதற்கு எண்ணெயைவிடப் பழைய அர்த்தம் ஒன்று உண்டு. யார் வீட்டில் யார் தண்ணி வாங்கிக் குடிப்பார் என்ற கணக்கு எங்களுக்குச் சொல்லித் தரவேண்டியதில்லை. கேள்விக்கொத்தை எடுக்க முதலே எங்களுடைய தொண்டை ஒரு பதிலைச் சொல்லிவிடுகிறது.

அடுத்தது அவர்கள் கேட்கும் கேள்விகள். “பிள்ளை எந்த ஊர்?” “தொண்ணூற்றைஞ்சில எங்க இருந்தனீங்கள்?” 1995 ஒக்டோபர் 30 இரவு, போருக்குத் தப்பி, மழைக்குள் வலிகாமம் முழுக்கத் தென்மராட்சிக்கு நடந்தது. அந்தச் சனத்துக்குள் நீங்களும் நின்றீர்களா என்று தெரிந்த பிறகுதான் பிரஷரும் நித்திரையில்லாத இரவுகளும் வெளியே வரும். நின்றவளிடம், “பிள்ளைக்குத் தெரியுந்தானே” என்று பாதியில் நிறுத்துவார்கள். வெளியாளிடம் முழுக்கச் சொல்வார்கள், கொஞ்சம் கழுவித் துடைத்து. எது நல்ல தரவு? எனக்கு அந்தப் பாதி வசனத்தில்தான் நம்பிக்கை. ஆனால் அதை எழுத்தாக்குகிறவர் அங்கே வெறும் மூன்று புள்ளிதான் போடுவார்.

நான் பிள்ளைத்தாச்சியாக ஆய்வுக்குப் போன மாதங்களில் பெண்கள் நிறையக் கதைத்தார்கள், அறிவுரையும் தந்தார்கள். வயிற்றில் கலைந்த பிள்ளைகளைப் பற்றி மட்டும் ஒருத்தியும் வாய் திறக்கவில்லை. அந்த மாதங்களில் நான் எழுதிய குறிப்புகளை மட்டும் படிப்பவர், அந்தப் பகுதியில் கருச்சிதைவே இல்லையென்று முடிவுகட்டலாம்.

யாழ்ப்பாண உளமருத்துவர் தயா சோமசுந்தரம் வடக்கின் கூட்டு மனவடு பற்றி 2007இல் எழுதிய ஆய்வில், அந்தச் சமூகத்துக்குள் வேலை செய்துகொண்டே பார்த்தவை இவை என்பதை ஆய்வுமுறையிலேயே சொல்லிவிடுகிறார். எங்கள் ஆய்வேடுகளில் “நேர்காணல்கள் வீடுகளில் நடத்தப்பட்டன” என்று ஒரு வரி இருக்கும். கேட்டவர் எந்த ஊர், தாலி கட்டியிருந்தாரா, தேத்தண்ணி குடித்தாரா என்பதையும் மேற்பார்வையாளர்கள் கேட்டு வாங்கினால் பின்னிணைப்பு இரண்டு பக்கம் கூடும், அவ்வளவுதான்.