கைதட்டலுக்குச் சொன்னவை

பனித்திட்டுப் பக்கம் ஒரு பள்ளியில் இங்கிலீஷ் வாத்தியாராக இருந்தவன் நான். சொல் பிறந்த கதை சொல்வதில் எனக்கு ஊருக்குள் ஒரு பேர் உண்டு. அந்தக் கதைகளில் சில பொய். பொய் என்று தெரிந்த பிறகும் விடாமல் சொன்னேன். தெரியாமல் செய்ததாகச் சொல்லித் தப்பிக்க வழியில்லை.

'போஷ்' என்ற சொல்லையே எடுத்துக்கொள்ளுங்கள். இந்தியாவுக்குக் கப்பலேறிய வெள்ளைக்காரப் பணக்காரர்கள் வெயில் படாத அறை கேட்பார்களாம். வரும்போது இடப்பக்கம், திரும்பும்போது வலப்பக்கம். அதைச் சொல்லும் நான்கு ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்துதான் 'போஷ்' என்று அளப்பேன். அப்படி அச்சடித்த டிக்கெட் ஒன்றுகூட இதுவரை யார் கையிலும் அகப்படவில்லை.

'கேஷ்' நம்ம காசுதான் என்பேன். பாதி நிஜம். போர்த்துக்கீசியர் வாய்வழியாகப் போய், சீனச் சில்லறை நாணயத்துக்கு ஆங்கிலத்தில் பேரானது நம் காசு. கல்லாவில் எண்ணுகிற 'கேஷ்' வேறு. அது பணப்பெட்டியைக் குறிக்கும் பழைய பிரெஞ்சு, இத்தாலியச் சொல்லின் வழி வந்தது. இதையும் சொன்னால் கைதட்டு குறையுமே!

இவையெல்லாம் போகட்டும். கட்டுமரம்தான் உறுத்துகிறது, ஏனென்றால் அங்கே பொய்க்குத் தேவையே இல்லை. 1697-இல் அச்சான வில்லியம் டாம்பியரின் பயண நூலிலேயே அந்தத் தமிழ்ச் சொல் இருக்கிறது. இரட்டை ஓடத்துக்கு அந்தப் பேர் ஒட்டியது வெகு பின்னால். 1876-இல் அமெரிக்காவில் நத்தானியல் ஹெர்ரெஷாஃப் பந்தயத்தில் விட்ட 'அமரில்லிஸ்' அந்த ரகம். நான் போர்டில் வரைந்தது அதைத்தான்: இரண்டு ஓடம், நடுவில் தட்டு, மேலே பாய். கீழே 'கட்டுமரம்' என்று எழுதினேன்.

மீனவர் வீட்டுப் பையன் ஒருவன் எழுந்தான். "சார், இது மரம் இல்ல சார். நடுவுல ஏது இவ்ளோ சந்து? ஒட்டி ஒட்டி வச்சு கயித்தால இறுக்கிக் கட்டுவாங்க. கரைக்கு வந்ததும் அவுத்துக் காயப் போடணும், இல்லன்னா தண்ணி குடிச்சுக் கனத்துடும்."

சொல்லின் பொருள் முழுசும் அவன் வாயிலேயே இருந்தது. "டிக்‌ஷனரியில அப்படித்தான் போட்டிருக்கு, உட்காருடா" என்றேன். வகுப்பு சிரித்தது, நானும் சேர்ந்து சிரித்தேன். டிக்‌ஷனரியில் மரங்களைச் சேர்த்துக் கட்டிய தெப்பம் என்றுதான் முதலில் போட்டிருந்தது. படத்தைத் திருத்துவதென்றால் அவனிடம்தான் கேட்க வேண்டும். அதற்கு எனக்கு மனசு வரவில்லை.

2004 சுனாமிக்குப் பிறகு கரையில் ஃபைபர் போட்டுதான் அதிகம். அவனும் அதில்தான் போகிறான். பாகூர் கடைத்தெருவில் எதிர்ப்பட்டவன், "இன்னும் கட்டுமரம் வரையிறீங்களா சார்?" என்றான்.

"அந்தப் பாடத்தையே எடுத்துட்டாங்கப்பா."

எடுக்கவில்லை. ரிட்டையர் ஆகும்வரை அதே படத்தைத்தான் போட்டேன்.