இரண்டாம் வகுப்பில் ஷில்ப் நகருக்கு

நான் ஊர்சுற்றிப் பார்க்க லிஸ்பன் போகவில்லை. ராத்தாவின் மகன் போர்த்துக்கலின் தென்கோடியில் தோடம்பழத் தோட்டமொன்றில் வேலை செய்கிறான். வதிவிட அட்டை கைக்கு வராமல் நாட்டை விட்டு வெளியேறினால் திரும்பவும் உள்ளே நுழைய முடியாது என்ற பயம் அவனுக்கு. ராத்தா மௌத்தானபோது ஜனாஸாவைக் கைத்தொலைபேசியில்தான் பார்த்தான். கடைசி நாட்களில் ராத்தா தன் தஸ்பீஹ் மாலையை என்னிடம் தந்து, "தபால்ல அனுப்பாத தம்பி, அவன்ட கையில குடு" என்றிருந்தா. பிள்ளைகள் சேர்த்துத் தந்த காசில் விமானச் சீட்டும் விசாவும் முடிந்தன. மிச்சம் என் ஓய்வூதியம். ஆகவே அந்த நாட்டுக்குள் எல்லாம் கோச்சிதான்.

படுக்கைக்குக் குறைந்த வாடகை தேடிப் போனது மௌராரியாவில் என்னைக் கொண்டுபோய் விட்டது. பெயரின் பொருளே மூர்களின் சேரி. 1147இல் கிறிஸ்தவர்கள் லிஸ்பனைக் கைப்பற்றிய பின்னர் எஞ்சிய முஸ்லிம்களுக்கு மதிலுக்கு வெளியே ஒதுக்கிய இடம். 1496இல் அவர்களையும் நாட்டை விட்டுப் போகச் சொல்லிவிட்டான் அரசன் மனுவேல். பத்தாண்டு கழியுமுன் அதே அரசனின் கப்பல்கள் கொழும்புக்கு வந்தன. தங்கள் ஊரில் விரட்டியவர்களின் பெயரையே நம்மவர்களுக்கும் வைத்தார்கள். நம் பிறப்பத்தாட்சியில் 'சோனகர்' என்பதற்கு ஆங்கிலத்தில் இருக்கும் 'மூர்' என்ற சொல் அங்கிருந்து வந்தது. 1626இல் இங்கேயும் விரட்டினார்கள். செனரத் மன்னன் கிழக்கில் இடம் தந்தான். என் ஊர் கிழக்கில் இருக்கிறது. இன்று அதே மௌராரியாவில் வங்காளதேசத்துக் கடைகள் நிறைந்திருக்கின்றன. சந்தொன்றில் கடைக்கு மேல்மாடியில் ஜும்ஆ தொழுதேன். பக்கத்தில் நின்றவர் சில்ஹட்காரர்.

மறுநாள் என்ட்ரேகாம்போஸ் நிலையத்துக்குச் சீட்டு வாங்கப் போனேன். அங்கே நெடுந்தூர வண்டிகள் இரண்டு வகை. 'அல்ஃபா பென்துலார்' வேகம், விலையும் கூட. 'இன்டர்சிதாதெஷ்' கொஞ்சம் ஆறுதலாகப் போகும். இரண்டிலும் ஆசனம் பதியாமல் ஏற முடியாது. பல நாட்களுக்கு முன்பே வாங்கினால் விலை நன்றாகக் குறையும். எனக்கு அந்த முன்யோசனை இருக்கவில்லை. முழு விலையைக் கேட்டு நான் மனதுக்குள் ரூபாயில் பெருக்கிக்கொண்டிருக்க, சீட்டு கொடுக்கும் பெண் கடவுச்சீட்டைக் கேட்டாள். பிறந்த ஆண்டைப் பார்த்தாள். விலை பாதியாகிவிட்டது. 65 வயதைக் கடந்தவர் எந்த நாட்டவரானாலும் அரைச் சீட்டாம். பன்னிரண்டு யூரோ அளவில் முடிந்தது. வயது போனதற்காக நான் சந்தோஷப்பட்ட ஒரே சந்தர்ப்பம் அது.

சாப்பாட்டுக்குப் பாணும் வாழைப்பழமும் மத்தி டின்னும் வாங்கிக்கொண்டேன். ஹலால் தேடி அலைகிற வேலையில்லை, செலவுமில்லை. குழாய்த் தண்ணீர் குடிக்கலாம்.

வண்டி நகரைவிட்டு விலகி ஆற்றுக்கு மேலே ஏறுகிறது. தேஜோ ஆற்றுக்குக் குறுக்கே 1966இல் கட்டிய தொங்குபாலம் அது. மேலே வாகனங்கள், அவற்றுக்கு அடியில் 1999 முதல் கோச்சி. அக்கரையிலுள்ள ஊர் அல்மாதா. அதற்குப் பிறகு 'அல்' என்று தொடங்கும் பெயர்களை எண்ணத் தொடங்கி இடையில் கைவிட்டேன். போய்ச் சேரவேண்டிய மாகாணமே அல்கார்வே, அதாவது அல்-ஃகர்ப், மேற்கு.

தண்டவாளத்தைப் பற்றி ஒரு விஷயம் சொல்ல வேண்டும். ஐரோப்பாவின் பெரும்பகுதியில் பாதை ஒடுக்கம். ஸ்பெயினிலும் போர்த்துக்கலிலும் பழைய பாதை அகலம், 1668 மில்லிமீற்றர். நம்முடையது 1676. எட்டு மில்லிமீற்றர்தான் வித்தியாசம். பெட்டியின் அகலமும் ஆட்டமும் உதயதேவியை நினைவூட்டியதற்கு அதுதான் காரணமோ, அல்லது ஊர் நினைப்போ. ஆனால் வடைக்காரர் யாரும் ஏறவில்லை.

தெற்கே போகப்போகத் தக்கைமரக் காடு. மரப்பட்டையை உரித்த இடம் செங்கபிலமாகத் தெரிகிறது. ஒவ்வொரு மரத்திலும் வெள்ளை நிறத்தில் ஓர் இலக்கம். உரித்த ஆண்டின் கடைசி எண் அது. அடுத்த உரிப்புக்கு ஒன்பது வருடம் பொறுத்திருக்க வேண்டும். மருமகன் போர்த்துக்கலுக்குப் போன ஆண்டின் இலக்கத்தை மரங்களில் தேடிக்கொண்டு போனேன்.

தூனெஷ் என்ற சந்தியில் இறங்கி வண்டி மாறவேண்டும். தூனிஸ் நகருக்கும் போர்த்துக்கேயத்தில் அதே பெயர். லாகோஸ் பக்கம் போகும் பிராந்திய வண்டி பிந்திவிட்டது. அதற்கு ஆசனப் பதிவில்லை, வந்தால் ஏறலாம். முதல் வாரம் ஒரு நாள் வேலைநிறுத்தம் என்று லிஸ்பனில் கேள்விப்பட்டிருந்ததால் நெஞ்சு படபடத்தது. ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் அவனுக்கு விடுமுறை. வாங்கில் இருந்த கிழவியிடம் சீட்டைக் காட்டி, வருமா என்று கையால் கேட்டேன். "ஒஷலா" என்றா. இன்ஷா அல்லாஹ் என்பதுதான் நாளடைவில் அப்படித் தேய்ந்து போயிருக்கிறது. சொல்லிவிட்டுச் சிலுவையைத் தொட்டுக்கொண்டா.

வண்டி வந்தது. வெளியெங்கும் பொடியன்கள் தெளித்த வர்ணம், ஜன்னல் கண்ணாடி வரைக்கும்.

சில்வெஷ் நிலையத்திலிருந்து ஊருக்கு இரண்டு கிலோமீற்றர் நடை. அறபிகள் இதை ஷில்ப் என்றார்கள். கவிஞனான அரசன் அல்-முஃதமித் வாலிபத்தில் ஆண்ட ஊர். பிறகு செவில்லியாவின் அரசனாகி, 1091இல் முராபித்துகளிடம் அதை இழந்து, மொரோக்கோவின் அக்மாத்தில் சிறைப்பட்டு 1095இல் மௌத்தானான். கபுறும் அங்கேதான். ஊரில் அவன் பெயரில் ஒரு சதுக்கம் வைத்திருக்கிறார்கள். செங்கல்நிறக் கோட்டை குன்றின்மேல் தெரிந்தது. நான் ஏறவில்லை. நுழைவுக் கட்டணம் இருந்தது, நேரமும் இருக்கவில்லை.

மருமகன் இரவல் சைக்கிளோடு நிலையத்திலேயே நின்றான். மெலிந்திருந்தான். விரல்களில் முள் கீறல்கள். "ரூமுக்குக் கூட்டிப்போக ஏலா மாமா, எட்டுப் பேர் இருக்கம்" என்று வெட்கப்பட்டான். சைக்கிளை உருட்டிக்கொண்டு தோட்ட ஓரத்துக்குப் போய் இருந்தோம். லுஹரை அங்கேயே சுருக்கித் தொழுதேன். அவன் நான்கு ரக்அத் முழுமையாகத் தொழுதான். அவன் அங்கே குடியிருப்பவன், நான் முஸாபிர்.

மாலையைக் கொடுத்தேன். அழுவான் என்று எதிர்பார்த்தேன். மணிகளை ஒருமுறை உருட்டிப் பார்த்துவிட்டுச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டான். பிறகு கேள்விகள். உம்மா கடைசியாக என்ன தின்றா? யார் குளிப்பாட்டினது? மழையா வெயிலா? எனக்குத் தெரிந்ததையெல்லாம் சொன்னேன். பழம் உரித்துத் தந்தான். அறபியில் இந்தப் பழத்துக்கு 'புர்துகால்', இந்த நாட்டின் பெயரேதான். விதையில்லாத இனம். நாலைந்தை என் பைக்குள் திணித்தான்.

திரும்பும் வண்டிக்கு மேடையில் நிற்கையில்தான் அதைக் கேட்டான்.

"மாமா, உம்மாட கபுறு வாப்பாக்குப் பக்கத்திலதானே?"

"ஓம் மனே, பக்கத்திலதான்" என்றேன்.

உண்மையில் இடையே நான்கு கபுறுகள் இருக்கின்றன. மச்சான் போய்ப் பதினொரு வருடம். அந்த வரிசை எப்போதோ நிறைந்துவிட்டது. லிஸ்பன் வந்து சேரும்வரை பழத்தை உரித்துத் தின்றபடி, போன் எடுத்துச் சரியானதைச் சொல்லிவிடலாமா என்று யோசித்தேன். எடுக்கவில்லை. அட்டை கிடைத்து ஊருக்கு வருகிற அன்று அவனைக் கபுறடிக்குக் கூட்டிப்போகப் போவதும் நான்தான்.