நாடாவுக்கு இரண்டு விரல் கீழே

காலை ஆறரை. என் கடல்மீன் தொட்டிக்கு அடியில் இருக்கும் துணைத் தொட்டியின் (சம்ப்) கண்ணாடியில் ஒரு நீல நாடா ஒட்டி வைத்திருக்கிறேன். தண்ணீர் அதற்கு இரண்டு விரல் கீழே நிற்கிறது. இரவு முழுக்க மின்விசிறி ஓடியிருக்கிறது; இரண்டு லிட்டர் போயிருக்கும். நாடாவுக்கும் நீர்மட்டத்துக்கும் நடுவே கண்ணாடியில் வெள்ளையாகப் பூத்திருக்கிறது. விரலால் தொட்டு நாக்கில் வைத்தேன், உப்பு. ஆவியானது தண்ணீர் மட்டும்தான். உப்பு வீட்டை விட்டு வெளியே போகவே இல்லை.

*

தூத்துக்குடி உப்பளத்துப் பாத்தியில் நடப்பதுதான் என் வீட்டு வரவேற்பறையிலும் நடக்கிறது. அங்கே நீரின் உப்புச் செறிவை டிகிரியில் பார்ப்பார்கள். கடல்நீர் மூன்று டிகிரிக்குச் சற்று மேலே இருக்கும். வெயில் குடிக்கக் குடிக்க ஏறி, 25 டிகிரியை ஒட்டி உப்பு இறங்கத் தொடங்கும். உப்பளக்காரருக்கு அது விளைச்சல். பவளம் வளர்ப்பவனுக்கு அந்த ஏற்றத்தின் முதல் படியே ஆபத்து.

கணக்கு போட்டு வைக்கிறேன். என் தொட்டி 120 லிட்டர். லிட்டருக்கு 35 கிராம் என்றால் மொத்தம் 4.2 கிலோ உப்பு கரைந்திருக்கிறது. ஐந்து நாள் ஊரில் இல்லாமல் பத்து லிட்டர் வற்றினால், அதே 4.2 கிலோ 110 லிட்டரில் அடங்க வேண்டும். லிட்டருக்கு 38 கிராமைத் தாண்டிவிடும். மீன் எப்படியோ சமாளித்துக்கொள்ளும். இறால், நத்தை, பவளம் இவற்றுக்கு அந்த வித்தியாசம் பெரிய அடி.

*

புதிதாகத் தொட்டி வைப்பவர்கள் எல்லாரும் கேட்பது: “கடல்மீன் தொட்டிதானே, வற்றினால் உப்புத் தண்ணீரையே ஊற்றினால் என்ன?”

ஊற்றக் கூடாது. தினம் இரண்டு லிட்டர் உப்புத் தண்ணீர் என்றால் தினம் 70 கிராம் உப்பு கூடுதலாக உள்ளே போகிறது. ஒரே மாதத்தில் 2.1 கிலோ. இருந்ததில் பாதி மறுபடியும் சேர்ந்துவிடும். தண்ணீர் மாற்றுவதற்கு உப்புத் தண்ணீர், வற்றியதை ஈடுகட்ட நல்ல தண்ணீர். இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டு தொட்டியை இழந்தவர்கள் பலர்.

இங்கே எல்லாரும் இதை ‘டாப்-அப்’ என்றுதான் சொல்கிறோம், கைப்பேசிக்குப் பணம் போடுவதுபோல. எனக்குப் பிடித்த சொல் ‘ஈட்டுத் தண்ணீர்’. போனது எதுவோ அதுவே திரும்ப வர வேண்டும். போனது வெறும் தண்ணீர். ஆகவே வருவதும் வெறும் தண்ணீராக, எதுவும் கரையாத தண்ணீராக இருக்க வேண்டும். மற்றதெல்லாம் இந்த ஒரு விதியின் விரிவுதான்.

*

நான் இருக்கும் பினாங்கு ஜார்ஜ்டவுனில் கொஞ்ச நேரம் நடந்தால் கடல் வந்துவிடும். ஆனாலும் நம் நீரிணைக் கரையோரம் வண்டல் கலங்கியது. ஆறுகளும் சாக்கடைகளும் கலக்கும் இடம். மழைக்குப் பின் உப்பின் அளவே மாறிவிடும். கரையில் வாளி போட்டு அள்ளிவந்து தொட்டியை நடத்த முடியாது.

கடல்நீரை வைத்தே சாதித்தவர் நம் வட்டாரத்தில் ஒருவர் இருந்தார். ஜகார்த்தாவைச் சேர்ந்த லீ சின் எங், உயிருள்ள பாறையும் காற்றுக் குமிழியும் மட்டும் வைத்து வீட்டுத் தொட்டியில் பவளம் வளர்த்த முறையை 1961இல் எழுதினார். இன்று உலகெங்கும் ‘லைவ் ராக்’ என்று விற்பதன் தொடக்கங்களில் ஒன்று அது. ஆனால் கடல்நீரில் நடக்கும் தொட்டியிலும் வற்றும் பங்கை நல்ல தண்ணீர்தான் ஈடுகட்ட வேண்டும்.

*

பினாங்குத் தமிழர்களுக்குத் தண்ணீரைப் பற்றி யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. நம் முருகன் இருக்கும் மலைக்கே தண்ணீர்மலை என்று பெயர். அந்த அருவியிலிருந்து பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே நகரத்துக்குக் கால்வாய் வழியே தண்ணீர் வந்தது. நங்கூரமிட்ட கப்பல்களும் இங்கே தண்ணீர் பிடித்துக்கொண்டு போயின. பிறகு 1962இல் ஆயர் ஈத்தாம் அணை, 1999இல் தெலுக் பஹாங் அணை. இன்று மாநிலத்துக்கு வரும் நீரில் மிகப் பெரும் பங்கு கெடா எல்லையில் ஓடும் மூடா ஆற்றுத் தண்ணீர். சுங்கை டுவாவில் சுத்திகரித்து, கடலுக்கு அடியில் போட்ட குழாய் வழியாகத் தீவுக்கு வருகிறது.

ஆற்றுத் தண்ணீர் என்பதால் நம் குழாய்த் தண்ணீர் மென்மையானது. கரைந்திருப்பதை அளக்கும் டிடிஎஸ் பேனாவை முக்கினால் என் வீட்டில் இரட்டை இலக்கம்தான் காட்டுகிறது. சென்னையில் ஆழ்குழாய்க் கிணற்றை நம்பும் வீடுகளில் 500, 1000 என்று சாதாரணமாகக் காட்டும்; அங்கே ஆர்.ஓ. வடிகட்டி இல்லாமல் இந்தப் பொழுதுபோக்கை நினைக்கவே முடியாது. இங்கே எண் குறைவு என்பதால்தான் பலர் ‘நம்ம பைப்புத் தண்ணி போதும்’ என்று நம்பிவிடுகிறார்கள். நானும் ஒரு வருடம் அப்படித்தான் நம்பினேன்.

*

குறைந்த எண் ஏன் போதாது?

லிட்டருக்கு 60 மில்லிகிராம் என்று வைத்தால், தினம் இரண்டு லிட்டருக்கு வருடத்தில் 44 கிராம். நான்கு கிலோ உப்புக்கு நடுவே அது சின்னது. ஆனால் அந்த 44 கிராமில் என்ன இருக்கிறது என்பதுதான் கேள்வி. சிலிக்கேட் இருந்தால் மணலும் கண்ணாடியும் பழுப்பாகப் படியும். பாஸ்பேட், நைட்ரேட் இருந்தால் பாசி. வற்றும்போது இவை எதுவும் போவதில்லை. ஊற்றும்போது மட்டும் வருகின்றன.

செம்பு இன்னும் மோசம். உலக சுகாதார நிறுவனம் குடிநீரில் லிட்டருக்கு 2 மில்லிகிராம் செம்பு வரை ஏற்கிறது. கடல்மீனுக்கு வெள்ளைப்புள்ளி நோய் வந்தால் மருந்தாகப் போடும் செம்பு லிட்டருக்கு ஏறக்குறைய 0.2 மில்லிகிராம். அந்த மருந்தளவிலேயே இறாலும் நத்தையும் செத்துவிடும். மனிதனுக்குப் பாதுகாப்பான தண்ணீர் இறாலுக்கு விஷமாக இருக்க முடியும். பழைய ஃபிளாட்டில் செம்புக் குழாயில் இரவெல்லாம் தேங்கிய தண்ணீர் என்றால் கேட்கவே வேண்டாம்.

குளோரினும் உண்டு. திறந்த வாளியில் காற்றுக்குமிழி விட்டு ஒருநாள் வைத்தால் அது போய்விடும். குளோரமைன் கலந்திருந்தால் அப்படி எளிதில் போகாது. வாளியில் வைப்பதால் செம்போ சிலிக்கேட்டோ போவதும் இல்லை.

*

வீட்டில் கிடைக்கும் மற்ற தண்ணீர்கள், ஒவ்வொன்றாக:

கொதித்து ஆறிய தண்ணீர்: கூடாது. கெட்டிலின் அடியில் படியும் வெள்ளையைப் பார்த்தாலே தெரியும், கொதிக்க வைத்தால் தண்ணீர்தான் குறைகிறது. கரைந்திருப்பதில் பெரும்பகுதி உள்ளேயே தங்கிச் செறிவாகிறது.

ஏர்கோன் தண்ணீர்: காற்றின் ஈரம்தான் நீராகிறது, தூய்மையானதுதானே என்று தோன்றும். ஆனால் செம்பு, அலுமினியச் சுருள்களில் வழிந்து, தூசியும் பூஞ்சையும் கழுவிக்கொண்டு வருகிறது. கூடாது.

மழைத் தண்ணீர்: ஜிங் கூரையில் விழுந்தால் துத்தநாகம், புகைமூட்ட மாதங்களில் கரி. கூடாது.

வீட்டுக் கரி வடிகட்டி: குளோரினை எடுக்கும், கரைந்த தாதுக்களை விட்டுவிடும். ‘ஆல்கலைன்’ தண்ணீர் இயந்திரங்கள் பல வேண்டுமென்றே தாது சேர்க்கின்றன.

கடைத்தெரு ஆர்.ஓ. இயந்திரம்: சில்லறைக் காசுக்கு நல்ல தண்ணீர் கிடைக்கலாம். எல்லாம் வடிகட்டியைக் காலத்தில் மாற்றுகிறார்களா என்பதைப் பொறுத்தது. ஒவ்வொரு முறையும் பேனாவை முக்கிப் பார்த்துவிட்டுத்தான் வீட்டுக்குக் கொண்டுவர வேண்டும்.

*

தைப்பூசம் முடிந்த வாரம். பினாங்கில் தைப்பூசம் என்றால் வழிநெடுகத் தண்ணீர்ப் பந்தல். ஒரு வருடம் பந்தலில் மிஞ்சிய போத்தல் தண்ணீர் இரண்டு பெட்டி வீட்டுக்கு வந்தது. ஜனவரி, பிப்ரவரி நமக்கு வறண்ட மாதங்கள். தொட்டியும் வேகமாக வற்றும். போத்தல் தண்ணீர் குழாய்த் தண்ணீரைவிட மேல் என்று நினைத்து அதையே ஊற்றினேன். பெட்டி காலியானபோது வெள்ளை மணல் தேநீர்க் கறை படிந்த துணிபோல ஆகிவிட்டது. துடைத்தால் மறுநாள் திரும்பவும் அதே பழுப்பு. போத்தலின் லேபிளை அப்போதுதான் படித்தேன்: மினரல் வாட்டர். தாது இருப்பதுதான் அதன் பெருமையே.

நெடுநாளாக இங்கே நிற மூடி என்றால் மினரல், வெள்ளை மூடி என்றால் வடிகட்டிய தண்ணீர் என்று அடையாளம் வைத்திருந்தோம். மூடியை விட்டுவிட்டு லேபிளைப் படிப்பதே நல்லது.

*

கடைசியில் ஆர்.ஓ./டி.ஐ. வடிகட்டி வாங்கினேன். முதலில் பஞ்சு வடிகட்டி, அடுத்து கரி, அடுத்து ஆர்.ஓ. சவ்வு, கரைந்ததில் நூற்றுக்கு 95 பங்குக்கு மேல் இங்கேயே போகும். மிச்சத்தை டி.ஐ. பிசின் பிடிக்கும். பேனா சுழியம் காட்ட வேண்டும். ஒன்று, இரண்டு என்று ஏறத் தொடங்கினால் பிசின் தீர்ந்துவருகிறது என்று பொருள். அது முதலில் கைவிடுவது சிலிக்கேட்டைத்தான். ஆகவே எண் பெரிதாகும்வரை காத்திருக்கக் கூடாது.

ஒரு லிட்டர் நல்ல தண்ணீருக்கு மூன்று நான்கு லிட்டர் கழிவாக ஓடும். அதைச் சாக்கடையில் விட மனம் வராது. வாளியில் பிடித்து வீடு துடைக்கவும் வாசல் துளசிக்கும் பயன்படுத்துகிறோம். 2024 ஜனவரி 10 முதல் 14 வரை, சுங்கை டுவாவில் வால்வு மாற்றுவதற்காகத் தண்ணீர் நிறுத்தப்பட்டபோது, முன்கூட்டியே பிடித்து வைத்த இருபது லிட்டர்தான் தொட்டியைக் காப்பாற்றியது. அன்றிலிருந்து மூடிய உணவுத்தரக் கலனில் எப்போதும் பத்து நாள் தண்ணீர் இருக்கும்.

*

எதுவும் கரையக் கூடாது என்ற விதிக்கு ஒரு விலக்கு உண்டு, அது எனக்கு மிகவும் பிடித்தது. பவளம் வளர்ப்பவர்கள் ‘கால்க்வாஸர்’ என்று ஜெர்மன் பெயரில் சொல்வது வேறொன்றுமில்லை, சுண்ணாம்புத் தெளிவு நீர். சுண்ணாம்பைச் சுத்தமான தண்ணீரில் கலக்கி, அடி இறங்க விட்டு, மேலே நிற்கும் தெளிவை மட்டும் ஈட்டுத் தண்ணீராகச் சொட்டுச் சொட்டாக விடுவது. லிட்டரில் ஒன்றரை கிராம் அளவுதான் கரையும். பவளம் எலும்பு கட்ட வேண்டிய கால்சியம் அதில் கிடைக்கிறது. காரம் கடுமையானது, பி.எச். 12க்கு மேல், ஆகவே இரவில், மெதுவாக. வெற்றிலைச் சுண்ணாம்பில் வேறு என்ன கலந்திருக்கிறது என்று தெரியாது, தரம் எழுதிய பொடியைத்தான் வாங்க வேண்டும். ஆனாலும் பாக்கின் பெயர் கொண்ட இந்தத் தீவில், வெற்றிலைப் பெட்டியில் பாட்டி வைத்திருந்த அதே பொருள் பவளத்துக்கு உணவாவது எனக்கு நிறைவாக இருக்கிறது.

*

நீர்மட்டம் இறங்கினால் ஈட்டுத் தண்ணீர்ப் பம்பை ஓட்டும் தானியங்கி மிதவை வைத்திருப்பவர்கள் கவனிக்க: மிதவையின்மேல் நத்தை ஏறி உட்கார்ந்தால் பம்பு நிற்காது. என் கலனில் இருபது லிட்டர். முழுதும் ஒரே இரவில் கொட்டினால் உப்பு 35இலிருந்து 30க்கு இறங்கிவிடும். அதனால் பம்பு இணைத்த கலனில் ஐந்து லிட்டருக்கு மேல் வைக்கக் கூடாது. நான் கையால்தான் ஊற்றுகிறேன்.

*

ஆறே முக்கால். குவளையில் இரண்டு லிட்டர் எடுத்து, பம்பின் ஓட்டம் விழும் இடத்தில் மெல்ல ஊற்றினேன். நல்ல தண்ணீரும் உப்புத் தண்ணீரும் சேரும் இடத்தில் கண்ணாடிக்குள் ஒரு நிமிடம் கானல்போல அலைந்தது, பிறகு தெளிந்தது. ஈரத்துணியால் வெள்ளைப் படிவைத் தொட்டிக்குள்ளேயே துடைத்துவிட்டேன், அதுவும் தொட்டியின் உப்புதானே. இறால் பாறை இடுக்கிலிருந்து மீசையை நீட்டிப் பார்த்தது. தண்ணீர் நாடாவைத் தொட்டு நிற்கிறது.