மூங்கில் நுனியில் ஒரு பெண்

என் பத்து வயது மகளுக்கு மூன்று மாதமாக ஒரே பிடிவாதம். சிலம்பம் கற்றுக்கொள்ள வேண்டுமாம்! "பாட்டுக் கற்றுக்கொள்ளேன், நாட்டியம் கற்றுக்கொள்ளேன்" என்று கெஞ்சிப் பார்த்தேன், அசையவில்லை. பெண்களுக்குத் தைரியம் வேண்டும் என்று பத்திரிகையில் பக்கம் பக்கமாக எழுதுகிறவள்தான் நான். ஆனால் சொந்தப் பெண்ணின் முகத்தில் கம்பு பட்டுத் தழும்பு விழுந்தால்? எழுதுகிற கை வேறு, பெற்ற வயிறு வேறு அல்லவா?

கும்பகோணத்தில் என் அத்தை இருக்கிறார். எழுபத்திரண்டு வயது, கண்டிப்புக்குப் பேர் போனவர். அவர் ஓர் அதட்டல் போட்டால் விவகாரம் தீர்ந்துவிடும் என்று விடுமுறைக்கு மகளை அழைத்துக்கொண்டு போய்ச் சேர்ந்தேன்.

அன்று இரவு என் மகள் தொலைக்காட்சியில் ஒரு சீனப் படத்தைப் போட்டாள். 2000-ல் ஆங் லீ எடுத்த 'கிரௌச்சிங் டைகர், ஹிட்டன் டிராகன்'. ஒளிப்பதிவு உள்பட நான்கு ஆஸ்கார் பரிசுகள் வாங்கிய படம்.

"சண்டைப் படமா? எனக்கு வேண்டாம்மா" என்று எழுந்த அத்தை, வாசற்படியிலேயே நின்றுவிட்டார்.

திரையில் ஒரு மூங்கில் காடு. கல்யாணம் நிச்சயமான பெரிய வீட்டுப் பெண் ஒருத்தி, வீட்டாருக்குத் தெரியாமல் வாள் பழகியவள், மூங்கில் நுனியில் நிற்கிறாள். எதிரே ஒரு மகாவீரன். காற்றடிக்க மூங்கில் வளைகிறது, அவர்களும் வளைகிறார்கள். கதிர் முற்றிய வயலில் காற்று ஓடுமே, அதுபோலப் பச்சை அலை அலையாகப் புரள்கிறது. ரத்தம் இல்லை, கூச்சல் இல்லை. கம்பியில் தொங்கவிட்டு எடுத்த காட்சி என்று தெரிந்த எனக்கே மூச்சு நின்றது.

"ஏண்டி, இதையா சண்டை என்கிறாய்? ஆட்டமல்லவா இது! அவள் காலைப் பார்" என்றார் அத்தை.

அத்தை சொன்னது எவ்வளவு உண்மை! அந்த வேஷத்தில் நடித்த ஜாங் சீயி, பெய்ஜிங்கில் முறையாக நடனம் பயின்றவர். இத்தகைய படங்களுக்கு வழிகாட்டியாக 1966-ல் கிங் ஹூ எடுத்த 'கம் டிரிங்க் வித் மீ'யின் நாயகி செங் பெய் பெய்யும் நடனம் கற்றவர்தான். நம்மூருக்கு மட்டும் இது புதிதா? திருத்துறைப்பூண்டியில் பிறந்த எஸ்.எஸ். வாசன் 1948-ல் எடுத்த 'சந்திரலேகா'வில் பிரம்மாண்டமான முரசுகளின் மேல் நடனம். அது முடிந்ததும் முரசுக்குள்ளிருந்து வீரர்கள் குதிக்க, வாட்போர்! அதில் வாள் வீசிய ரஞ்சன் நாட்டியமும் அறிந்தவர். பரதரின் நாட்டிய சாஸ்திரமே, கரணங்கள் ஆடலுக்கு மட்டுமல்ல, போருக்கும் மற்போருக்கும் உரியவை என்கிறது.

இதையெல்லாம் நான் அளந்துகொண்டிருந்தபோது அத்தை மெதுவாகச் சொன்னார்:

"நானும் இரண்டு வருஷம் நாட்டியம் கற்றுக்கொண்டேன். பெரியவளானதும் சலங்கையைப் பரண்மேல் போட்டுவிட்டார்கள். ஊரார் என்ன சொல்வார்களோ என்று அப்பாவுக்குப் பயம். தஞ்சாவூர்ப் பெரிய கோயிலில், மேல்தளத்தில், 108 கரணங்களில் 81-ஐச் செதுக்கிவிட்டு மீதிக்கு வெறுங்கல்லை விட்டிருக்கிறார்களாமே? என் நாட்டியமும் அப்படித்தான்."

இத்தனை வருஷத்தில் அத்தை இதை என்னிடம் சொன்னதில்லை. நானும் கேட்டதில்லை.

மறுநாள் காலை அத்தை எங்களைச் சாரங்கபாணி கோயிலுக்கு அழைத்துப் போனார். அந்தப் 11 நிலைக் கோபுரத்தின் அடியிலும் கரணச் சிற்பங்கள் இருக்கின்றன. நான் எத்தனையோ முறை செருப்பைக் கழற்றிவிட்டு நிமிர்ந்து பார்க்காமல் உள்ளே போயிருக்கிறேன். அத்தை ஒவ்வொன்றாகக் காட்டினார். என் மகள் கையிலிருந்த குடையைக் கம்பாகப் பிடித்துக்கொண்டு, ஒரு சிற்பத்தைப்போல நின்று பார்த்தாள், தடுமாறினாள்.

"முழங்காலை இன்னும் மடக்கு. முதுகு நேராக இருக்கட்டும். ம்... இப்போது சுற்று!" என்றார் அத்தை.

குடை சுழன்றது. அவள் விழவில்லை. பூ விற்கிற அம்மாள்கூடத் தொடுப்பதை நிறுத்திவிட்டுப் பார்த்தாள்.

"அத்தை, இவளை அதட்டச் சொல்லத்தான் உங்களிடம் அழைத்து வந்தேன்" என்றேன்.

"தெரியும். அதட்டினது போதும், எங்கள் காலத்தோடு" என்றார் அவர்.

ஊர் திரும்பியதும் முதல் காரியமாகச் சிலம்பப் பள்ளியில் பணம் கட்டினேன். தழும்பு விழுமோ என்ற பயம் எனக்கு இன்னும் போகவில்லை. ஆனால் பரண்மேல் கிடந்த சலங்கையும் ஒரு தழும்புதானே?